நகல்

ரோகுகுலாவில் படகு கிளம்பும் நேரத்தில் அந்தக் கடிதம் வந்தது.
துர்க்கு ஊர்க்காரர், பெயர் விள்யோ.
புரொப்பெல்லர் விலை கேட்டிருந்தார். தடித்த எழுத்து.
காபி வாங்கி வந்து உட்கார்ந்தேன்.
கண்முன்னே
வரி ஒன்று உள்வாங்கிக்கொண்டது போல
கடிதம் இல்லை.

அப்படி முதலில் ஒன்று, பிறகு நாலு, பிறகு எல்லாம்.
யானை உண்ட விளாம்பழமாய் என் கைப்பேசி:
மேலே ஓடு அப்படியே,
உள்ளே ஒன்றுமில்லை.

தம்பிக்குப் போன் போட்டேன்.
"நீதானே அழிக்கிறாய்?"
"கை முழுக்க எண்ணெய். எஞ்சினுக்கு அடியில் கிடக்கிறேன்.
எதைக்கொண்டு அழிக்க, மூக்காலா?"
அதன்பின் உர்மாஸும் நானும்
போல்ட்டு, ரசீது, சாவி
இவற்றைத் தவிர வேறு பேசவில்லை.
மூன்று வாரம்.

ரைவோ வந்தான். குளிருக்குக் கழுத்துத்துணியைக் கூடக் கழற்றவில்லை.
"இந்தக் கடவுச்சொல் எத்தனை எந்திரத்துக்குத் தெரியும்?"
என் போன். இவன் போன். கடை மடிக்கணினி.
"அவ்வளவுதானா?"
அவ்வளவுதான் என்றோம்.
அவன் காதைத் தீட்டிக்கொண்டு
பின்கொட்டகைப் பக்கம் நடந்தான்.

தார்ப்பாய்க்குக் கீழே ஒரு மூச்சு.
நாலு வருடம் முன் வேலையை விட்டுப்போன
கணக்காளர் ஹெல்வேயின் பழைய கணினி.
திரை கிடையாது, பெட்டி மட்டும். அதன் வெதுவெதுப்பின் மேல்
பூனை நுர், சுருண்டு.

உர்மாஸ் தரையைப் பார்த்தான்.
"அக்டோபரில் நான்தான் சொருகினேன்.
அதுக்குக் குளிருமே என்று."

ரைவோ திரையை மாட்டிக் காட்டினான்:
இது பாப். பழைய ஆள்.
பத்து நிமிடத்துக்கொரு தரம் தபாலாபீசுக்குப் போய்
பையோடு தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடும்.
அங்கே ஒரு துண்டுத்தாள் விடாது.
கெட்டவன் இல்லை அக்கா,
வீட்டுக்கு ஒரே கணினி இருந்த காலத்தில்
கற்ற பழக்கம்.
உங்கள் போன்களில் இருப்பது ஐமேப்.
கடிதம் அங்கேயே கிடக்கும்;
நீங்கள் எல்லாரும் ஒரே சன்னலில் எட்டிப் பார்ப்பவர்கள்.
ஒருவர் ஓரம் மடித்தால் எல்லாருக்கும் மடிப்பு.
ஒருவர் கிழித்தால் எல்லாருக்கும் கிழிசல்.

'சர்வரில் நகலை விட்டுவை' என்று ஒரு சின்னக் கட்டம்.
ஹெல்வே அதில் குறியிடவே இல்லை.
யாருக்காக விட்டுவைப்பாள்? அன்று அவள் மட்டும்தான்.

முன்னூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள்.
கை விட்டு அள்ளுவது போல
அள்ளித் திரும்ப மேலே போட்டான் ரைவோ.
பூனையை நகர்த்தாமலே.

அன்றிரவு கார்ட்லாவில் என் சமையலறையில்
போன் அதிர்ந்தபடியே இருந்தது.
செத்துப்போன ஆர்டர்கள், கோபங்கள், ஒரு திருமண அழைப்பு,
"பதில் இல்லையே, வேறு கடையில் வாங்கிவிட்டோம்."
எல்லாம் தடித்த எழுத்தில், இப்போதுதான் வந்தவை போல.

இரண்டு மணிக்குக் கவனித்தேன்:
நான் தொடாத ஒரு வரி
மெலிந்தது.
அடுத்ததும்.
கடலுக்கு அந்தப் பக்கம் ஹாப்சலுவில்
இன்னொருத்தன் தூங்கவில்லை.

நான் கீழிருந்து, அவன் மேலிருந்து.
பேச்சில்லை. ஒவ்வொரு வரியாகத் தடிப்பு வடிந்தது.
அவன் திறந்ததை நான் திறக்கவில்லை;
எதற்கு, படித்தாயிற்றே,
யார் படித்தால் என்ன.

நடுவில் ஒன்று
மெலிந்து, சிறிது பொறுத்து,
மறுபடி தடித்தது.
படித்துவிட்டு, படிக்காததாக்கி,
எனக்கென்று விட்டிருக்கிறான்.

விள்யோ. புரொப்பெல்லர். மூன்று இதழ், இடச்சுற்று.
இன்னும் தேவைப்படுமா என்று கேட்டு எழுதி
அனுப்பினேன். அனுப்பியதும்
அவன் போனிலும் அது அனுப்பப்பட்டிருக்கும்.